கேள்வி முற்றம்: பன்னிரண்டு சதுர கிலோமீற்றரில் ஓர் ஆட்சி

(சென்ற இதழில் பசிபிக் தீவுகள் பற்றிய குறிப்பில் டோக்கெலாவ் என்ற ஆட்புலத்தை இரண்டு வரியில் சொல்லியிருந்தோம். நியூசிலாந்தின் கீழ் உள்ளது, மூன்று தீவு, 1,500 பேரளவு சனத்தொகை. அதற்கு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்ததால் இந்த முறை முற்றம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.)

டோக்கெலாவ் எங்கே இருக்கிறது? உலகப் படத்தில் புள்ளிகூடத் தெரியவில்லை.
– உயர்தர மாணவி, முழங்காவில்

படத்தில் தேடுவதற்கு இலகுவான வழி ஒன்று இருக்கிறது. கிளிநொச்சி மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 23 கலையில் இருக்கிறது. டோக்கெலாவின் தென்கோடித் தீவு ஃபகாஓஃபோ, தெற்கே ஏறத்தாழ 9 பாகை 22 கலையில். மாங்குளத்துக்கு நேர் எதிர் என்று நடுத்தீவு நுக்குனோனுவைச் சொல்லலாம். கோட்டுக்கு வடக்கே நாம் எவ்வளவு தூரமோ, தெற்கே அவர்களும் அவ்வளவுதான். நெட்டாங்குதான் வேறு: மேற்கு 171 முதல் 173 பாகை வரை. சமோவாவிலிருந்து வடக்கே 500 கிலோமீற்றர் அளவு போனால் அங்கே சேரலாம்.

வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அட்டாஃபு, நுக்குனோனு, ஃபகாஓஃபோ என்று மூன்றும் வரிசையாகக் கிடக்கின்றன. முதல் தீவுக்கும் கடைசித் தீவுக்கும் இடையே 160 கிலோமீற்றரளவு திறந்த கடல். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கண்டி வீதியால் போகும் தூரத்தை விட அதிகம். ஆனால் மூன்றின் நிலத்தையும் கூட்டினாலும் ஏறத்தாழ 12 சதுர கிலோமீற்றர்தான். முல்லைத்தீவு மாவட்டம் மட்டும் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றும் முருகைக்கல் வளையம். மிகப் பழைய எரிமலை ஒன்று கடலுக்குள் மெல்லத் தாழ, அதன் ஓரத்தில் முருகை வளர்ந்து வளர்ந்து மேலே வந்தது. மலை மறைந்த இடத்தில் களப்பு, களப்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் திட்டுகள். எந்தத் திட்டும் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீற்றருக்கு மேல் உயரவில்லை. ஆறு, குன்று, குளம் எதுவும் கிடையாது. விடையெழுதும்போது "மலைத்தீவு", "முருகைத்தீவு" இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். சமோவா முதல் வகை, டோக்கெலாவ் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நீர், மண், தொழில் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாக விளங்கும்.

தலைநகரம் எது? யார் ஆளுகிறார்கள்?
– ஆசிரியர், மாங்குளம்

தலைநகரம் என்று நிலையாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தீவும் தன் ஊர்ச்சபையால் ஆளப்படுகிறது. தவுபுலேகா என்று அதற்குப் பெயர். குடும்பத் தலைவர்களும் முதியோரும் அதில் இருப்பார்கள். ஊர் ஒவ்வொன்றும் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறது. ஃபய்புலே வெளி விடயங்களையும் தீவுகளுக்குப் பொதுவான விடயங்களையும் பார்ப்பார். புலெனுக்கு ஊருக்குள் தண்ணீர், துப்புரவு, அன்றாட வேலைகளைப் பார்ப்பார். மூன்று ஃபய்புலே, மூன்று புலெனுக்கு என்று இந்த ஆறு பேரும்தான் அமைச்சரவை மாதிரி. மூன்று ஃபய்புலேக்களில் ஒருவர் தலைவர், பட்டம் உலு. அந்தப் பதவி மூன்று தீவுகளுக்கும் முறை வைத்துச் சுற்றிவரும், நிர்வாக மையமும் அதனோடு நகரும். பொதுச் சட்டங்களைச் செய்வது பொது ஃபோனோ என்ற சபை. அதில் ஆசனங்கள் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகின்றன.

மேலே நியூசிலாந்து அரசு நியமிக்கும் நிர்வாகி ஒருவர் இருக்கிறார். 1889இல் பிரித்தானியப் பாதுகாப்புக்குள் வந்த தீவுகள், 1920களின் நடுவில் நியூசிலாந்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் டோக்கெலாவ் சட்டம் அவற்றை நியூசிலாந்தின் பகுதியாக்கியது. மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உள்ளவர்கள். 1994இல் நிர்வாகியின் அதிகாரங்கள் பொது ஃபோனோவுக்கு வந்தன. 1996இல் சட்டவிதி செய்யும் அதிகாரமும் வந்தது. 2004இல் இன்னொரு படி: அதிகாரம் ஊர்ச்சபைகளிலிருந்து மேலே போகட்டும் என்று திசையை மாற்றினார்கள். பள்ளிக்கூடம், வைத்தியம் போன்ற பணிகளை இப்போது ஊர்ச்சபையே நடத்துகிறது.

உங்கள் வகுப்பில் இதை எங்கள் நிர்வாக முறையோடு ஒப்பிட்டுக் காட்டலாம். எங்களிடம் அதிகாரம் மேலிருந்து கச்சேரி, பிரதேச செயலகம், விதானையார் என்று இறங்கி வருகிறது. அங்கே ஊர்தான் ஊற்று. சிறிய இடம் என்பதால் மட்டும் அது கைகூடவில்லை. ஊர்ச்சபைக்குச் சொந்தமாக வேலையாட்படை ஒன்றும் இருக்கிறது: அவுமாகா எனப்படும் உடல்வலுவுள்ள ஆண்களின் அணி. மீன்பிடிக்கவும் கட்டடம் கட்டவும் கப்பல் சாமான் இறக்கவும் சபை சொன்னால் அவர்கள் வருவார்கள். சொன்னதைச் செய்விக்க ஆள் இல்லாத சபைக்குத் தீர்மானப் புத்தகம் மட்டும்தான் மிஞ்சும்.

சுயாட்சி வேண்டாம் என்று அவர்களே வாக்களித்தார்களாமே, உண்மையா?
– வாசகர், நெடுங்கேணி

அப்படிச் சொல்வது பிழை. இரண்டு தடவையும் பெரும்பான்மை வேண்டும் என்றுதான் சொன்னது. 2006 பெப்ரவரியில் 60 சதவீதம், 2007 ஒக்டோபரில் 64 சதவீதம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் மாற்றம் என்று முன்கூட்டியே விதித்திருந்தார்கள். இரண்டாம் தடவை 692 வாக்கில் 446 ஆதரவு. தேவைப்பட்டது 462. வெறும் 16 வாக்கால் நின்றது.

கேட்கப்பட்டது முழுச் சுதந்திரம் அல்ல. குக் தீவுகளும் நியுவேயும் இருப்பதுபோல, குடியுரிமையை வைத்துக்கொண்டு நியூசிலாந்தோடு சுயவிருப்பில் இணைந்த தன்னாட்சி. வாக்கெடுப்பை ஐ.நா.வும் கண்காணித்தது. தீவுகளில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு டோக்கெலாவ் மக்கள் நியூசிலாந்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் உறவு இருக்கிறது. உதவி குறையுமோ, குடியுரிமைக்கு என்ன ஆகுமோ என்ற தயக்கம் அந்த உறவு வழியாகவும் வந்தது. புலம்பெயர்ந்த சொந்தத்தின் சொல் ஊரில் எவ்வளவு எடுபடும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இன்றும் ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத ஆட்புலங்களின் பட்டியலில் டோக்கெலாவ் இருக்கிறது.

அங்கே மீன்பிடி எப்படி? கடலை வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.
– கடற்றொழிலாளர், கொக்கிளாய்

வாடகை என்ற சொல் கிட்டத்தட்டச் சரி, ஐயா. டோக்கெலாவின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல், அதாவது மீன்பிடி உரிமை அவர்களுக்கே உள்ள கடற்பரப்பு, ஏறத்தாழ 3,19,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கைத் தீவையும் கிட்டத்தட்ட ஐந்து தடவை விரித்து வைக்கலாம். அந்தக் கடலில் சூரை மீன் கூட்டம் கூட்டமாக ஓடும். அதைப் பிடிக்கும் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் தூர நாடுகளுக்குச் சொந்தம். தங்களிடம் அப்படிக் கப்பல் இல்லாதவர்கள் மீனை விற்க முடியாது, மீன்பிடிக்கும் நாட்களைத்தான் விற்கலாம்.

கிரிபாத்தி, துவாலு, பப்புவா நியூகினி உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து கப்பல்நாள் முறை ஒன்றை வைத்திருக்கின்றன. டோக்கெலாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாள்தான் பிடிக்கலாம் என்று முதலில் முடிவாகும். பிறகு நாடுகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். ஒரு கப்பல் ஒரு நாள் உங்கள் கடலில் நின்றால் ஒரு நாள் கழியும். அடிமட்ட விலை நாளொன்றுக்கு 8,000 அமெரிக்க டொலர் என்று 2015 அளவில் உயர்த்தப்பட்டது. தனித்தனியே பேரம் பேசிய காலத்தில் கப்பல்காரர் ஒரு நாட்டை இன்னொரு நாட்டுக்கு எதிராக வைத்து விலையை விழுத்திவிடுவார்கள். சேர்ந்து நின்றதால்தான் அந்த விலை நிற்கிறது. எங்கள் பார்வையில் இந்தப் பதில்களில் நீங்கள் எடுத்துவைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்.

இதில் சிக்கலும் உண்டு. சூரை இடம் மாறும். எல் நினோ ஆண்டில் வெப்பநீர் கிழக்கே நகர, மீனும் கிழக்கே வரும். லா நினா ஆண்டில் மேற்கே போய்விடும். ஆகவே ஒரே அளவு வருமானம் ஆண்டுதோறும் வராது. தன் பங்கு நாட்களை இன்னொரு நாட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி இருப்பது இதற்காகத்தான். அடுத்த சிக்கல் கண்காணிப்பு. கப்பலில் செய்மதிக் கருவியும் பார்வையாளரும் கட்டாயம். அதற்கு மேல், ஆகாயத்திலிருந்து பார்க்க நியூசிலாந்தின் உதவி வேண்டும். தீவுகளின் சொந்த வருமானத்தில் மிகப் பெரியது இந்த அனுமதிக் கட்டணமே. மீதியை நியூசிலாந்தின் உதவி நிரப்புகிறது. ஒரு காலத்தில் கைகொடுத்த கொப்பராவுக்கு இப்போது சந்தையில் இடம் இல்லை.

இது வெளிக்கடல் கதை. ஊருக்குப் பிடிக்கும் மீனுக்கு வேறு வழக்கம்: இனாட்டி. சபை சொல்லிப் பிடித்த மீனைக் கரையில் கொட்டி, தலைக்கணக்குப் பார்த்துப் பங்கு வைப்பார்கள். கடலுக்குப் போனவர், போகாதவர், விதவை, கிழவர் என்ற பேதம் பங்கில் கிடையாது. கரைவலையில் சம்மாட்டி பங்கு, வலைப்பங்கு, ஆள்பங்கு என்று பிரிக்கும் உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். அங்கே வலைக்கும் வள்ளத்துக்கும் பங்கு இல்லை, வயிற்றுக்குத்தான்.

.டி.கே என்று முடியும் இணைய முகவரி இவர்களுடையதா? எங்கள் கழகத்துக்கு ஒன்று எடுக்கலாமா?
– இளைஞர் கழகம், செட்டிக்குளம்

அவர்களுடையதுதான். நெதர்லாந்து நிறுவனம் ஒன்று அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்ததால் கோடிக்கணக்கில் பதிவுகள் ஆகின, மோசடிக்காரரும் நிறையவே பயன்படுத்தினர். 2023இல் புதிய இலவசப் பதிவு நின்றுவிட்டது. எடுக்க வேண்டாம். இலவச முகவரியைக் கொடுத்தவர் எந்த நேரமும் திருப்பி எடுக்கலாம். .எல்.கே முகவரி ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுங்கள்.

எங்களைவிட இரண்டு மடங்கு மழை. பிறகெப்படித் தண்ணீர் இல்லாமல் போனது? மின்சாரத்துக்கு என்ன செய்கிறார்கள்?
– கமக்காரர், ஒட்டுசுட்டான்

மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிட, பெய்தது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. டோக்கெலாவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றரளவு மழை விழுகிறது. எங்களுக்கு முத்தையன்கட்டுக் குளம் இருக்கிறது, இரணைமடுக் குளம் இருக்கிறது, களிமண் அடித்தளம் இருக்கிறது. அங்கே முருகைமணல். விழுந்த நீர் நேரே கீழே போய்விடும்.

கீழே போன நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. சில நூறு மீற்றர் அகலத் திட்டில் அது பலிக்காது. வற்றுப்பெருக்கு மேலும் கீழும் ஆட்ட ஆட்ட இரண்டும் கலந்துவிடும். வில்லை மெல்லியதாகவே இருக்கும். பம்பு போட்டு இழுத்தால் நடுவில் உப்பு மேலே ஏறும். சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் கிணறு இறைத்தவர்களுக்கு இது தெரியும். கூட இறைக்க இறைக்க உவர் கூடும், குறையாது.

ஆகவே நிலத்தடி நீரைப் பயிருக்கே விட்டுவிட்டார்கள். நிலத்தை நீர்மட்டம் வரை தோண்டி, இலைதழை போட்டு மக்கவைத்து, புலாகா என்ற பெரிய சேம்பு இனத்தை அந்தக் குழியில் நடுவார்கள். புயலில் கடல் ஏறிக் குழிக்குள் உப்பு நின்றால் கிழங்கு அழுகும். 2005இல் பெர்சி சூறாவளி வந்தபோது கடல் தீவுகளின் மேலேறியது.

குடிக்கும் நீர் முழுவதும் கூரையிலிருந்து தாங்கிக்கு வருவது. 2011இல் லா நினாவால் மாதக்கணக்கில் மழை பொய்த்தது. தாங்கிகள் வறண்டன. ஒக்டோபரில் ஒரு வாரத்துக்கும் குறைவான நீரே மிஞ்ச, அவசரநிலை அறிவிக்கப்பட்டு அமெரிக்கக் கரையோரக் காவற்படைக் கப்பலில் குடிநீர் வந்தது. விமான ஓடுபாதை இல்லை, பெரிய கப்பல் வந்து அணையத் துறையும் இல்லை. சமோவாவின் தலைநகர் அப்பியாவிலிருந்து கப்பல் ஒரு நாளுக்கு மேல் ஓடிவந்து வெளியே நிற்க, சாமானையும் ஆளையும் முருகைப் பாறைக்குள் வெட்டிய வாய்க்காலால் சிறு படகில் ஏற்றி இறக்க வேண்டும். கடல் குழம்பினால் அதுவும் இல்லை.

மின்சாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2012இல் 4,032 சூரியத் தகடும் 1,344 பற்றறியும் மூன்று தீவிலும் பூட்டினார்கள். தீவுக்குத் தீவு கம்பி இழுக்க முடியாததால் மூன்றும் தனித்தனி நிலையங்கள். டீசல் ஏறத்தாழ முழுதாக நின்றது. பிறகு வீடுகளில் குளிர்பெட்டி கூட, பற்றறி தேய, டீசல் மறுபடி தேவைப்பட்டது. தகடு வாங்கும்போதே பற்றறி மாற்றும் பணத்தை ஒதுக்காத எந்தத் திட்டத்துக்கும் இதுதான் நடக்கும்.

அவர்கள் கூரைத் தாங்கியை நாங்கள் வீட்டில் செய்தால் எவ்வளவு நீர் வரும்?
– குடும்பத்தலைவி, விசுவமடு

கூரை நீளம் 10 மீற்றர், அகலம் 10 மீற்றர் என்று வையுங்கள். 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். தெறிப்பு, ஆவி எல்லாம் போக 8,000 கையில் வரும். மாரியில் இது சில நாளிலேயே கிடைத்துவிடும். ஐந்து பேர், ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 15 லீற்றர் என்றால் நாளுக்கு 75. 5,000 லீற்றர்த் தாங்கி இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடப் போதும். மே முதல் செப்ரெம்பர் வரை தாங்க 12,000 வேண்டும்.

முதல் மழை கூரையைக் கழுவும் நீர். அதைத் தாங்கிக்குள் விடக்கூடாது. பீலியிலிருந்து இறங்கும் இடத்தில் நாலு அங்குலக் குழாயை ஐந்து மீற்றர் அளவு தனியாக விட்டு அடியை மூடினால் 40 லீற்றர் அழுக்குநீர் அதில் நிற்கும், பின்வருவது தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் அடிமூடியைத் திறந்து ஊற்றிவிடுங்கள். மறந்தால் அடுத்த மழையில் அழுக்கு முழுதும் உள்ளே. தாங்கிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், வாயில் சன்னவலை இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும். புதுச் சீமெந்துத் தாங்கியின் முதல் நிரப்பைக் குடிக்காமல் மரத்துக்கு விடுங்கள். குழாயை அடியோடு பொருத்தாமல் நாலு விரல் மேலே பொருத்துங்கள், மண்டி கீழேயே கிடக்கும்.