ஊர்விட்டு ஊர் ஆடும் கூடைப்பந்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் பலர் இந்த ஆண்டு இத்தாலி, அடுத்த ஆண்டு துருக்கி என்று கிளப் மாறிக்கொண்டே இருக்கிறார்களே. நன்றாக ஆடுபவரைக்கூட ஏன் நிறுத்திவைத்துக்கொள்வதில்லை?
– வாசகர், சேலம்

பதில்: பல சமயம் நன்றாக ஆடியதுதான் காரணம். இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சீசன் ஒப்பந்தம்தான். ஆகஸ்ட்டில் பயிற்சி முகாம், மே அல்லது ஜூனில் கணக்கு முடிந்தது. சிறிய கிளப்பில் நல்ல சராசரியோடு முடித்தவரின் விலை கோடையில் ஏறிவிடும். பழைய கிளப்பால் அதைக் கொடுக்க முடியாது. சோபிக்காதவரை டிசம்பரிலேயே அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் வெளிநாட்டவருக்கான இடம் எண்ணிக்கையில் கட்டுண்டது. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் ஆட்டப் பட்டியலில் உள்ள 12 பேரில் 6 பேர் ஜெர்மானியர். மீதி 6 இடத்துக்குத்தான் உலகமே வரிசையில் நிற்கிறது.

அமெரிக்க வீரர் பி.ஜே. டக்கரைப் பாருங்கள். அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.பி.ஏ.-வில் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2006-இல் 35-வது ஆளாக டொராண்டோ எடுத்தது. அடுத்த ஆண்டே விடுவித்தது. பிறகு இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து ஆண்டுகள். 2008-இல் ஹப்போயேல் ஹோலோன் கிளப்புக்கு முதல் இஸ்ரேலிய லீக் பட்டம், 2012-இல் பாம்பெர்க் கிளப்போடு ஜெர்மன் பட்டம். அதே ஆண்டு ஃபீனிக்ஸ் அணி அவரை என்.பி.ஏ.-வுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது; 2021-இல் மில்வாக்கியோடு என்.பி.ஏ. கோப்பையும் கையில் வந்தது. போகும் கிளப்பெல்லாம் ஒரு பட்டம் வென்றால் ஊர் மாறுவது இறக்கம் ஆகாது.

கேள்வி: வெளிநாட்டு கிளப் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் வீரர் என்ன செய்ய முடியும்?
– வாசகர், மதுரை

பதில்: செய்ய வேண்டியதில் முக்கால்வாசி கையெழுத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.

ஐரோப்பாவில் சம்பளத்தை வரி போக நிகரத் தொகையாகப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பெரும்பாலும் 10 மாதத் தவணையாகப் பிரிப்பார்கள்; வீடு, கார், விமான டிக்கெட் தனி. ஏஜென்டின் கட்டணம், வழக்கமாக 10 சதவீதம், கிளப் தலையில். ஒப்பந்தத்தில் நாம் முதலில் தேடும் வாசகம், சம்பள ‘உத்தரவாதம்’ எதில் தொங்குகிறது என்பது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் உத்தரவாதம் என்று இருந்தால், வந்து இறங்கியதிலிருந்து எத்தனை மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 48 அல்லது 72 மணி நேரம் என்று போட்டு, அதற்குள் கிளப் மறுப்பு தெரிவிக்காவிட்டால் தேறியதாகவே கொள்ள வேண்டும் என்று சேர்த்துவிட வேண்டும். இது இல்லாத ஒப்பந்தத்தில், மூன்று வாரம் பயிற்சி ஆடிய பிறகு ‘முட்டி சரியில்லை’ என்று அனுப்பிவிட வழி திறந்தே கிடக்கும்.

அடுத்தது தாமதக் கெடு. தவணை இத்தனை நாள் தாண்டினால் பயிற்சிக்கு வரமாட்டேன், இத்தனை நாள் தாண்டினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வேன், மீதிச் சீசனின் தொகை முழுவதும் உடனே தர வேண்டும் என்று மூன்று படியாக எழுதுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். சம்பளம் வரவில்லை என்ற ஆத்திரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தை முறிக்காமல் போனவர் சட்டப்படி ஓடிப்போனவர். மீறல் அவர் பக்கம் வந்துவிடுகிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு லீக்குக்குப் போகப் பழைய நாட்டுச் சம்மேளனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று கிளப் சொன்னால் அது நின்றுபோகும். சீசன் நடுவில் நின்றால் அந்த ஆண்டுச் சம்பாத்தியமே போய்விடும். ஆகவே முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு, கெடு முடிந்ததும் முறிவுக் கடிதம், அதன் பிறகே டிக்கெட்.

பணத்தை வாங்க ஜெனீவாவில், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-இல் தொடங்கியது, இன்றைய பெயர் 2011-இல் வந்தது. ஒரே நடுவர், ஆங்கிலத்தில் விசாரணை, எந்த நாட்டுச் சட்டத்தையும் பிடித்துத் தொங்காமல் நியாயத்தைப் பார்த்துத் தீர்ப்பு. தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆட்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடலாம். பணம் வருவது பெரும்பாலும் அந்தப் பயத்தில்தான். ஆனால் ‘தகராறு இந்தத் தீர்ப்பாயத்துக்கே போகும்’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அங்கே வழியில்லை. லீக்கில் பதிவு செய்ய ஒரு சிறு தொகை ஒப்பந்தம், மீதிக்குத் தனித்தாள் என்று இரண்டு காகிதம் நீட்டினால், இந்த வாசகம் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் மருமகன் அமெரிக்கக் குடிமகன், ஐரோப்பாவில் ஆடப் போகிறார். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அமெரிக்காவில் வரிவிலக்கு உண்டாமே?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: உண்டு; 2024-க்கான உச்சவரம்பு 1,26,500 டாலர். ஆனால் நாள் கணக்கில் தகுதி பெற, தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். சீசன் முடிந்து ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வீட்டில் கழித்தால் அது தவறிவிடும். இன்னொரு நாட்டில் உண்மையாகவே குடியிருப்பவர் என்று நிறுவுவது வேறு வழி. அங்கே கட்டிய வரிக்கு அமெரிக்காவில் கழிவு கேட்கவும் முடியும். ஒப்பந்தத்தில் ‘நிகரம்’ என்று இருந்தாலும் வரி கட்டிய சான்றிதழைக் கிளப்பிடம் எழுதிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்க ஆட்டக்காரர் ஜஸ்டின் பிரவுன்லீ பிலிப்பைன்ஸ் குடியுரிமை வாங்கியபிறகும் உள்ளூர் லீக்கில் அவரை வெளிநாட்டவராகவே எண்ணுகிறார்களே, ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: லீக்கின் விதி வேறு, ஃபிபாவின் விதி வேறு. பிலிப்பைன்ஸ் லீக்கில் ‘இறக்குமதி’ எனப்படும் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இடம் கட்டுப்பட்டது, சில தொடர்களில் உயர வரம்பும் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த பிரவுன்லீ 2016-இல் காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாகத்தான் ஹினெப்ரா அணிக்கு வந்தார். அந்தத் தொடரின் இறுதிப் போட்டியில் ஆறாவது ஆட்டத்தைக் கடைசி நொடியில் மூன்று புள்ளி போட்டு முடித்து, எட்டு ஆண்டு வறட்சியைத் தீர்த்தார். நாடாளுமன்றச் சட்டம் வழியே 2023-இல் குடியுரிமை.

ஃபிபா போட்டிகளில் 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஒரு அணிக்கு ஒருவர்தான். அந்த ஒரு இடத்தில் அவர் எவ்வளவு செய்தார் என்பதற்கு 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு அரையிறுதியே போதும்: சீனாவிடம் 20 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தைப் பிலிப்பைன்ஸ் 77-76 என்று வென்றது, அவர் அடித்தது 33. அடுத்து தங்கம், 1962-க்குப் பிறகு முதல் முறை.

கேள்வி: அமெரிக்காவில் ஆடிப் பழகியவர் ஃபிபா விதிக்கு மாறும்போது எதில் அதிகம் தடுமாறுவார்?
– பயிற்சியாளர், கோவை

பதில்: என்.பி.ஏ.-வின் 48 நிமிடம் 40 ஆவதும், ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் ஆறு ஃபவுல் ஐந்து ஆவதும், மூன்று புள்ளிக் கோடு 7.24 மீட்டரிலிருந்து 6.75-க்கு வருவதும் சீக்கிரம் பழகிவிடும். தற்காப்பில் மூன்று நொடி விதி (யாரையும் காக்காமல் வளையத்தடியில் அதற்கு மேல் நிற்கக் கூடாது என்பது) இல்லாததால் எதிரணியின் உயரமான ஆள் வளையத்தடியிலேயே நிற்பார்; வெட்டி நுழைபவருக்குப் பாதை அடைந்துபோகும். ஷாட் அடித்த பந்து வளையத்தைத் தொட்ட பிறகு, மேலே உருண்டுகொண்டிருந்தாலும் யாரும் தட்டிவிடலாம். இதை மறந்து பார்த்துக்கொண்டு நிற்பது முதல் மாதத் தவறு. டைம்-அவுட்டையும் ஆட்டக்காரர் கேட்க முடியாது.

நீடித்து வதைப்பது டிராவலிங், அதாவது பந்தோடு விதி மீறிக் காலெடுத்து வைப்பது. பந்தை வாங்கி நின்றவர், டிரிபிளுக்காக (தரையில் தட்டி ஓடுவதற்காக) பந்து கையைவிட்டுப் போன பிறகே பிவட் காலை, அதாவது ஊன்றிய காலைத் தூக்கலாம். பந்தைக் கொண்டு வரும் அமெரிக்கக் கார்டு ஆட்டக்காரர்கள் பலர் முதல் எட்டை நீளமாக எடுத்து வைத்துவிட்டுப் பந்தைத் தட்டுவார்கள். ஐரோப்பிய நடுவர் உடனே ஊதிவிடுவார். வாங்கிய பந்தை எட்டு வைக்கும் காலுக்கு முன்னால் தரையில் தள்ளி, அது கையைவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகே பின்காலை எடுக்கச் சொல்லி, இரு பக்கமும் தினம் 50 தடவை மெதுவாகச் செய்யவையுங்கள். வேகத்தைப் பிறகு கூட்டலாம்.