எல்விஸ் வேடம்: எந்த வருடத்து எல்விஸ்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக யூடியூபில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் ப்ரெஸ்லியின் வேடக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைப் பார்த்துவருகிறேன். அமெரிக்காவின் மெம்ஃபிஸ், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்று எங்கெங்கோ இதற்கென்றே விழா நடத்துகிறார்கள், கனடாவின் காலிங்வுட்டிலும் முன்பு நடந்திருக்கிறது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கல் பதித்த வெள்ளை உடையில் பெரிய வாத்தியக் குழுவோடு வரும் ஒருவர், நம்மூர்த் திருவிழாவில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆடும் எம்.ஜி.ஆர் வேடக்காரரைத்தான் நினைவூட்டுகிறார். இன்னொருவர் தொளதொள பேண்ட்டும் சாதாரணக் கோட்டுமாக வருகிறார். முகச்சாயல்கூடக் கிடையாது. இரண்டாவது பாட்டில் உடம்பு சிலிர்த்துவிடுகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? எங்கள் இசைக்குழுவில் ஒருவர் இதை மேடையில் செய்துபார்க்க ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

கே. எம்.

அன்புள்ள கே. எம்.,

உங்கள் நண்பர் எந்த வருடத்து எல்விஸாக நிற்கப்போகிறார்? அதை முடிவுசெய்யாமல் துணி வாங்கப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

1954இல் மெம்ஃபிஸின் சன் ஸ்டூடியோவில் முதல் வெளியீட்டுக்கான பாட்டைப் பதிந்ததிலிருந்து 1977 ஆகஸ்டில் இறந்தது வரை இருபத்துமூன்று வருடம். அதற்குள் அவருடைய குரல், உடம்பு, பக்கவாத்தியம், மைக் பிடிக்கும் கை எல்லாமே நாலைந்து தடவை மாறியிருக்கின்றன. நீங்கள் சொல்லும் அந்த வெள்ளை உடைக்காரர்கள் பெரும்பாலும் இந்த இருபத்துமூன்று வருடத்தையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுகிறார்கள். 1973 உடை, 1956 கால் ஆட்டம், 1968 கரகரப்பு. போதாததற்கு யாரோ ஒரு நகைச்சுவை நடிகர் செய்துகாட்டிய உதட்டுச் சுழிப்பு. பார்க்கிறவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் வேஷம் என்று மட்டும் தெரிந்துவிடும். இன்னொரு வியாதியும் உண்டு. பலர் எல்விஸைப் பார்த்துக் கற்பதில்லை, வேறொரு வேடக் கலைஞரைப் பார்த்துக் கற்கிறார்கள். நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து தடித்துக்கொண்டே போகும், ஜெராக்ஸ் கடையில் பார்த்திருப்பீர்கள்.

தொளதொள பேண்ட்காரரிடம் வருகிறேன். அந்தப் பேண்ட் தற்செயலாக வந்ததில்லை. 1954 ஜூலை 30, மெம்ஃபிஸ் ஓவர்ட்டன் பார்க் திறந்தவெளி மேடை. பாடும்போது குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் நின்றபடி தாளத்துக்கு முழங்காலை ஆட்டுவது எல்விஸின் பழக்கம், அன்று பதற்றமும் சேர்ந்துகொண்டது. இடுப்பில் மடிப்பு வைத்த அகலமான கால்சட்டைக்குள் அந்தச் சிறிய ஆட்டம் பல மடங்காகத் தெரிந்தது, கூட்டம் கத்தியது. இதைச் சொன்னவர் பக்கத்தில் நின்று கிடார் வாசித்த ஸ்காட்டி மூர். இப்போது ஒருவர் இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அதே ஆட்டத்தை ஆடினால் துணி அசையாது. அசைத்துக் காட்டவேண்டும் என்று இடுப்பைச் சுழற்றுவார். அங்கே கேலிச்சித்திரம் ஆரம்பமாகிவிடும். சரியான துணி இருந்தால் முழங்கால் இரண்டு அங்குலம் அசைந்தால் போதும்.

அதே காலத்துக்குப் பக்கவாத்தியமும் கறாரானது. 1954 ஜூலைப் பதிவில் டிரம்ஸே கிடையாது. எல்விஸின் கிடார், மூரின் எலெக்ட்ரிக் கிடார், பில் பிளாக்கின் நின்று வாசிக்கும் பெரிய பேஸ், அவ்வளவுதான். பிளாக் தந்தியை இழுத்து விரல்பலகையில் அறைகிறார், அந்த ‘டக் டக்’தான் தாளம். அங்கே டிரம்ஸ் வைத்தால் பாட்டு உட்கார்ந்துவிடும். நின்று வாசிக்கும் பேஸ் கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிக் பேஸில் தந்திகளுக்கு அடியில், பிரிட்ஜ் ஓரமாக, ஸ்பாஞ்சுத் துண்டு செருகினால் நாதம் குறுகி ஓரளவு பக்கத்தில் வரும். அறையும் சத்தத்துக்கு ஒருவர் பிரஷ்ஷால் ஸ்நேர் என்ற சிறு டிரம்மை மட்டும் மெல்லத் தட்டலாம். சுத்தமான வழி இல்லைதான், ஆனால் முழு டிரம்ஸ் செட்டைவிட மேல்.

எதிரொலியைப் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். சன் ஸ்டூடியோ உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் அங்கே இரண்டாவது டேப் மெஷினை வைத்து உண்டாக்கியது ஒரே ஒரு திரும்பொலி. பதியும் ஹெட்டிலிருந்து வாசிக்கும் ஹெட்டுக்கு நாடா போய்ச்சேரும் நேரம்தான் இடைவெளி. எதிரொலி தரும் டிலே பெடலில் 130 மில்லிசெகண்ட் பக்கம் வையுங்கள். ரிபீட் ஒன்று, ஃபீட்பேக் பூஜ்யம், மூலக் குரலில் கால்வாசிக்கு மேல் எதிரொலி போகக் கூடாது. 300க்குத் தள்ளினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ வேறு கதை. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் பதிந்தது, எதிரொலிக்குக் கட்டடத்தின் நடைவழியைப் பயன்படுத்தினார்கள். அதற்கு டிலேயைவிட, பெரிய கூடத்தில் ஒலி தேய்வதுபோன்ற நீளமான ரிவர்ப் பொருந்தும். சன் ஸ்டூடியோப் பாட்டுக்கும் இதற்கும் ஒரே அமைப்பை வைத்துவிட்டு ஒலிக்காரர் டீ குடிக்கப் போய்விட்டால் எல்லாப் பாட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

1956 ஜூன் 5, மில்டன் பெர்ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி. ‘ஹவுண்ட் டாக்’. உங்கள் நண்பர் ஒரே ஒரு காட்சியைத்தான் மனப்பாடம் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யட்டும். கையில் கிடார் இல்லை. பாட்டு முடிந்தது என்று தோன்றும் இடத்தில் வேகம் பாதியாகக் குறைகிறது. மைக் ஸ்டாண்டைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் உடம்பைச் சரித்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், பிறகு படத்தை மறைத்துவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். உடம்பின் ஒவ்வொரு வெட்டிலும் டி. ஜே. ஃபொன்டானாவின் குச்சி விழுந்திருக்கும். ஃபொன்டானா அதற்கு முன் ஆடை அவிழ்ப்பு நடன விடுதிகளில் வாசித்தவர், ஆடுபவரின் இடுப்பைப் பார்த்தே அடி போடும் பழக்கம் அங்கே வந்தது. நம் பரதநாட்டிய மேடையில் மிருதங்கக்காரர் காலைப் பார்த்து வாசிப்பதும் இந்த வித்தைதான். ஆகவே டிரம்மரைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நேராக உட்காரவைக்காதீர்கள். பக்கவாட்டில், முழங்கால் தெரிகிற கோணத்தில் போடுங்கள். ஒத்திகையில் பாதி நேரம் இவர்கள் இருவருக்கு மட்டும்.

கரோக்கி டிராக்கோடு, அதாவது முன்பே பதிந்த பக்கவாத்தியத்தோடு, செய்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். டிராக்குக்குக் கண் கிடையாது. ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ பாட்டில் நடுவே தாளம் ஆறெட்டுக்கு (6/8) தளர்ந்து திரும்ப ஏறுகிறது. மேடையில் எல்விஸ் அதன் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடி, தரையோடு குனிந்து, குழுவைக் கிசுகிசுப்பு வரை இறக்கி, திடீரென்று எழுப்புவார். ரோனி டட் டிரம்ஸில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். டிராக்கில் அந்தச் சுற்று எத்தனை தடவை என்பது முன்பே உறைந்துவிட்டது. வேறு வழியில்லை என்றால் எண்ணிக்கையைத் தாளில் எழுதி, எந்தச் சுற்றில் குனிவது, எதில் எழுவது என்று குறித்துக்கொள்ளவேண்டும். எழுந்த பிறகு பாட்டு தணிந்தால் அந்த அசட்டுத்தனத்தை எந்த உடையாலும் மறைக்கமுடியாது.

குரலைப் பற்றி. அடிப்படையில் அது பாரிட்டோன், நடுத்தர ஆண்குரல். ஐம்பதுகளில் மேலே ஏறி, சொல்லின் நடுவே உடைந்து, விக்கல் மாதிரி ஒலிக்கும். எழுபதுகளில் நெஞ்சிலிருந்து வரும் கனம், அகலமான அசைவு, வரியின் கடைசியில் நீண்ட மூச்சு. உதட்டை ஒரு பக்கம் தூக்கி மூக்கால் உறுமினால் இரண்டுமே கிடைக்காது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அவர் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் வரிகளுக்குமேல் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அதே இடங்களில் மூச்சு வாங்கிப் பாடினால் பாதிச் சாயல் தானாக வரும், ஏனென்றால் எந்தச் சொல் அழுந்தும், எது விழுங்கப்படும் என்பதை மூச்சுதான் தீர்மானிக்கிறது. உச்சரிப்பு மிசிசிப்பி, டென்னசிப் பக்கத்துத் தெற்கத்திப் பேச்சு. ‘ஐ’ கிட்டத்தட்ட ‘ஆ’ ஆகும், சொல்லின் கடைசி ‘ர்’ கரையும். அளவோடு செய்யட்டும்.

பாட்டு வரிசையிலும் புத்தி வேண்டும். ‘இஃப் ஐ கேன் ட்ரீம்’ தொண்டையைக் கிழித்துப் பாடவேண்டிய பாட்டு. ‘அமெரிக்கன் ட்ரிலஜி’யின் முடிவும் அப்படியே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் அதன்பின் இருப்பது காற்றுதான். சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொள்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை. டிராக் என்றால் அதற்குமேல் இறக்கும்போது பின்குரல்கள் பூதம்போல ஒலிக்கத் தொடங்கும்.

இனி அந்த வெள்ளை உடை. 1973 ஜனவரி 14 ஹோனலூலு நிகழ்ச்சியில் அணிந்த, கழுகு உருவம் பதித்த உடை உட்பட மேடை உடைகளை வடிவமைத்தவர் பில் பெலூ. அந்தக் கழுகு உடைக்கு முதலில் தரை வரை நீளும் மேலங்கி தைத்தார்கள், பாரம் தாங்காமல் குட்டையாக்கினார்கள். நம்மூர்த் தையல்காரரிடம் தைப்பதானால் மூன்று விஷயம் சொல்லுங்கள். துணி நீட்சி உள்ள கனமான கேபர்டீனாக இருக்கட்டும், பளபளக்கும் சாட்டின் விளக்கில் நைட்டி மாதிரி தெரியும். அக்குளில் வைர வடிவத்தில் தனித் துண்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது உடை மொத்தமும் மேலேறித் தொடையிடுக்கில் பிடிக்கும், கராத்தே உதை ஒன்று போதும் தையல் விட்டுப்போக. காலருக்குள் விறைப்பான கேன்வாஸ் இரண்டு அடுக்கு வேண்டும், வியர்வையில் முதலில் சாய்வது அதுதான்.

கற்களைப் பற்களுள்ள உலோகக் கிண்ணத்தில் பொருத்தி, துணிக்குப் பின்னால் மடக்குவது நல்லது. ஈ-6000 மாதிரிப் பசையில் ஒட்டினால் முழுதாக இறுக ஒரு நாளுக்குமேல் ஆகும். நிகழ்ச்சியன்று காலையில் ஒட்டிய கல் மாலையில் முன்வரிசைக்காரர் மடியில் கிடக்கும். பசை போட்ட உடையை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கக் கூடாது, கரைப்பான் பசையையும் கரைக்கும். நாடகக்காரர்களின் பழைய உபாயம் ஒன்று: வோட்கா பாதி, தண்ணீர் பாதி, உள்பக்கம் தெளித்து நிழலில் தொங்கவிடுவது. நாற்றம் போய்விடும். உலோகத் தகடு வைத்த இடுப்புப் பட்டை கிடாரின் முதுகைச் சுரண்டும் என்பதால் விலையுயர்ந்த கிடார் வேண்டாம். ஐம்பதுகளில் எல்விஸின் மார்ட்டின் கிடாருக்குத் தோல் உறை போட்டிருந்ததை உங்கள் நண்பர் கவனித்திருப்பார்.

கிருதாவை ஸ்பிரிட் கம் பசையில் ஒட்டினால் நாலாவது பாட்டில் ஓரம் எழும், சிலிகோன் வகை மருத்துவப் பசை தாங்கும். இரண்டையும்விட மூன்று மாதம் வளர்ப்பது உத்தமம்.

மேடையிலிருந்து ரசிகர்களுக்கு ஸ்கார்ஃப் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது, சிரிக்காதீர்கள். எல்விஸின் மேடை உதவியாளர் சார்லி ஹாட்ஜ் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழுத்தில் போடுவார், எல்விஸ் துடைத்துக் கொடுப்பார். உதவியாள் இல்லையென்று நாலைந்தை மொத்தமாகக் கழுத்தில் சுற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கீழேயிருந்து ஒருவர் இழுத்தால் எல்லாம் சேர்ந்து இறுகும். ஒன்றை மட்டும், முடிச்சில்லாமல். குனிவதற்கு முன்பே ஒரு முனையைக் கையில் பிடித்து மறுமுனையை விட்டுவிடவேண்டும்.

மைக்குக்கு வயர் இருக்கட்டும். எழுபதுகளில் அந்த வயரும் ஒரு நடிகர்தான். கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது, திரும்பும்போது காலால் ஒதுக்குவது, வீசி இழுப்பது எல்லாம் உடம்பின் நடையையே மாற்றும். வயர்லெஸ் பிடித்தவர்களுக்குக் கை என்ன செய்வதென்று தெரியாமல்தான் விரல் நீட்டிச் சுட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

செலவு பற்றியும் சுருக்கமாக: எழுபதுகளின் மேடைக்கு ஐந்தாறு வாத்தியக்காரர், ஆண்குரல் நால்வர், பெண்குரல் மூவர், பின்னால் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். ஐம்பதுகளுக்கு நாலு பேர் போதும். 1968 டிசம்பர் 3இல் ஒளிபரப்பான என்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியின் உட்கார்ந்து பாடும் பகுதிக்கு இன்னும் மலிவு. குத்துச்சண்டை மேடை போன்ற சிறு சதுரம், நாற்காலிகள், டிரம்ஸுக்குப் பதில் ஃபொன்டானா குச்சியால் தட்டும் கிடார் பெட்டி. தோல் உடை புழுங்கித் தள்ளும் என்பது ஒன்றே கஷ்டம். உங்கள் குழுவுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சட்டம் ஒரு வரி. 1981இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி வழக்கொன்றில் நீதிமன்றம் வேட நிகழ்ச்சியை முழுதாக நிறுத்தவில்லை, சில பெயர்களையும் குறிகளையும் பயன்படுத்தத் தடை போட்டது. எனவே விளம்பரத்தில் உங்கள் நண்பரின் பெயர் பெரிதாக இருக்கட்டும். பாட்டுகளுக்கான பொது நிகழ்ச்சி உரிமத்தை அரங்கம் வாங்கியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2007இலிருந்து எல்விஸ் பெயரின் உரிமைகளைக் கவனிக்கும் எல்விஸ் ப்ரெஸ்லி எண்டர்பிரைசஸே மெம்ஃபிஸில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் போட்டி நடத்துகிறது. அதன் இறுதிச் சுற்றுகளைப் பாருங்கள், ஆனால் போட்டியாளரைப் பார்த்து அப்படியே பழகவேண்டாம்.

முடிக்கும் இடத்தையும் முன்பே ஒத்திகை பாருங்கள். ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ பாடி, கையை விரித்து, குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே எல்விஸ் இறங்கிப் போய்விடுவார். ஒன்ஸ்மோருக்குத் திரும்பி வருவதில்லை, அரங்கை விட்டுப் போய்விட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இன்றைய வேடக் கலைஞர்கள் படம் எடுத்துக்கொள்ள உடனே வெளியே வரவேண்டியிருக்கிறது. பத்து நிமிடமாவது இடைவெளி விட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்து, கிருதா ஓரத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.