சைக்கிள் தபால்: ரயில் விட்டுப்போன வழிகள்

(தருமபுரி மாவட்டக் கிராமங்களில் 34 ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொண்டுபோய் ஓய்வுபெற்றவர், வாசகர்களின் சைக்கிள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 20 ஆண்டுகள் பள்ளிக்குச் சைக்கிளில் போனவள். ஜூன் மாதம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். லாரிச் சத்தம் இல்லாமல் அந்நாட்டுக் கிராமப்புறத்தைச் சைக்கிளில் பார்க்க வழியுண்டா? மேடு ஏற முழங்கால் ஒத்துழைக்காது.
— வாசகி, காவேரிப்பட்டணம்

உங்கள் மகன் சரியான ஊரில்தான் குடியிருக்கிறார், அம்மா. என் மகளும் அங்கே செவிலியர். இரண்டு கோடைகள் தங்கியிருந்தேன். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டால் மாலை வரை எனக்கு வேலை கிடையாது. மருமகனின் சைக்கிளோ கொட்டகையில் சிலந்திக்கூடு கட்டி நின்றது. வேறென்ன வேண்டும்?

முழங்காலுக்குப் பதில் ஒன்றே: பழைய ரயில் தடங்களாகப் பார்த்துப் போங்கள். நீராவி எஞ்சினுக்கும் உங்களைப் போலவே மேடு ஆகாது. அதனால் குன்று குறுக்கிட்டால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள். பிறகு 1963இல் அந்நாட்டு ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கை, நட்டம் என்று சொல்லி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், குகையும் பாலமும் அப்படியே கிடந்தன. 1977இல் பிரிஸ்டலில் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, பாத் நகரம் வரை கிடந்த வெற்றுத் தடத்தை 1979 முதல் 1986 வரை சிறிது சிறிதாகப் பாதையாக்கினார்கள். அந்தக் குழுவே சஸ்டிரான்ஸ் என்ற தொண்டு நிறுவனமாகி, நாடு முழுக்கத் தேசிய சைக்கிள் வழித்தடங்களை அமைத்தது. அதன் முதல் பாதை உங்கள் மகன் ஊரில் தொடங்குகிறது.

பிரிஸ்டலிலிருந்து பாத் வரை 21 கிலோமீட்டர், முழுக்கத் தார்ப்பாதை. தொடங்கிய சில கிலோமீட்டரில் ஸ்டேப்பிள் ஹில் குகை வரும். உள்ளே விளக்கு உண்டு, பயப்பட வேண்டாம். பாதி வழி தாண்டியதும் பிட்டன் என்ற பழைய நிலையம். அங்கே ஆர்வலர்கள் இன்னமும் நீராவி ரயில் ஓட்டுகிறார்கள். சிறிது தூரம் அந்தத் தண்டவாளம் நம் பாதையை ஒட்டியே வரும். நான் அங்கே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் பக்கத்தில் வந்து ஊதியபோது, 67 வயதுக்காரன் மணியடித்துக்கொண்டே அதோடு போட்டி போட்டேன். தோற்றதில் வருத்தமில்லை. ஒன்று மட்டும் கவனம்: காலை எட்டு, ஒன்பது மணிக்கு அங்கே போகாதீர்கள். கார் இல்லையே தவிர, அலுவலகம் போகிறவர்கள் அம்பு போலப் பாய்கிறார்கள். பத்து மணிக்கு மேல் பறவைச் சத்தம் கேட்கும்.

பாத் போய்விட்டால், மறுநாளைக்கு இரட்டைக் குகைப் பாதை இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் மதிப்பெண் இதற்குத்தான். 2013இல் திறந்தது. இரண்டாவது குகையான கூம் டவுன் 1,672 மீட்டர் நீளம். நடுவே மெல்லிய இசை ஒலிக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, சொட்டும் தண்ணீரின் சத்தமே போதும். அந்தக் குகைக்கு ஒரு துயரக் கதை உண்டு. 1929இல் ஒரு சரக்கு ரயில் உள்ளே ஊர்ந்தபோது எஞ்சினில் இருந்தவர்கள் புகையில் மயங்கிவிட்டார்கள். ஆளில்லாதது போல ரயில் மறுபுறம் இறங்கி, பாத் சரக்கு முனையத்தில் மோதியது. ஓட்டுநரும் வேறு இருவரும் இறந்தார்கள். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்கினேன்.

குகை தாண்டி மிட்ஃபோர்டு ஊர் வழியாகச் சுற்றினால் டண்டாஸ் என்னுமிடத்தில் கென்னட் ஏவன் கால்வாயைப் பிடிக்கலாம். நடுவில் கொஞ்ச தூரம் ஊர்ச் சாலை உண்டு. டண்டாஸில் கால்வாயே பாலத்தின்மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. கீழே ஆறு, மேலே படகு. கரையில் நாம் ஓட்டும் பாதை, அந்நாளில் குதிரைகள் கயிறு கட்டிப் படகு இழுத்த வழி. ஆகவே அதுவும் சமதளம். ஆனால் அங்கே நடப்பவர்களுக்கே முன்னுரிமை. வளைந்த கற்பாலங்களின் அடியில் எதிரே வருபவர் தெரியாது. மணியடித்து, தேவைப்பட்டால் இறங்கித் தள்ளுங்கள். முழுச் சுற்றும் சுமார் 21 கிலோமீட்டர்தான்.

தூரம் போக மகன் அழைத்துப்போனால், டெர்பிஷயரில் மான்சல் பாதை, கார்ன்வாலில் கேமல் பாதை. முன்னது சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கில் 13.7 கிலோமீட்டர், அடைத்து வைத்திருந்த குகைகளை 2011இல் திறந்துவிட்டார்கள். அங்கே ரயில் பாலம் கட்டியபோது பள்ளத்தாக்கே கெட்டது என்று அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் வெகுண்டாராம். இன்று எல்லோரும் அந்தப் பாலத்தையே படம் எடுக்கிறார்கள். பின்னதில் ஒட்டகம் எதுவும் இல்லை, கேமல் என்பது ஆற்றின் பெயர். வேட்பிரிட்ஜிலிருந்து பேட்ஸ்டோ துறைமுகம் வரை ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியே போகும். ஜூலைக் கடைசியில் பள்ளிவிடுமுறை தொடங்கிவிட்டால் திருவிழாக் கூட்டம். ஜூனில் போகிறீர்கள், நல்லது. இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

கிளம்புமுன் பழகிக்கொள்ள உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிருஷ்ணகிரி அணையின் வாய்க்கால் கரைகள் இருக்கின்றன. விடியற்காலையில் வாரம் மூன்று நாள் போங்கள்.

சைக்கிளுக்கு ஏன் தனிப் பாதை? இங்கிலாந்துக் கிராமச் சாலைகள் படங்களில் வெறிச்சோடித்தானே தெரிகின்றன?
— வாசகர், அரூர்

படத்தில் விபத்துக்குப் பேர்போன நம் தொப்பூர் கணவாய்கூட அழகாகத்தான் தெரியும். அந்த ஊர்ச் சந்துச் சாலைகளில் ஒரு கார் போனால் மறு கார் ஒதுங்க இடமில்லை. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வேலிச்செடி. ஆனால் வேறு பலகை வைக்காத வரை சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். எல்லோரும் அப்படி ஓட்டுவதில்லை. யாரோ ஒருவர் ஓட்டினால் போதாதா?

டெவனில் ஒரு வளைவில் எதிரே டிராக்டர் வந்தது. நிதானமாகத்தான் வந்தது, நான்தான் பதறி வேலிக்குள் போய் விழுந்தேன். நம்மூர்க் காஞ்சொறி மாதிரி ஒரு செடி கை முழுக்கத் தடிப்பு ஏற்றிவிட்டது. டிராக்டர்காரர் இறங்கிவந்து, ஓரத்தில் முளைத்திருந்த அகன்ற இலை ஒன்றைப் பறித்துத் தேய்க்கச் சொன்னார். காஞ்சொறி இருக்குமிடத்தில் அதுவும் இருக்குமாம். எரிச்சல் அடங்கியது இலையாலா, அவர் பேச்சாலா என்று சொல்லத் தெரியவில்லை.

கைப்பேசி வரைபடம் போதுமா? சைக்கிளை ரயிலில் ஏற்றலாமா?
— வாசகர், ஓசூர்

பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனத்தின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். ஆரஞ்சு அட்டை போட்டதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வேலியும் வீடும்கூடத் தெரியும். அதில் குட்டைப் பச்சைக்கோடுகள் நடைபாதை, அங்கே சைக்கிள் ஓட்ட உரிமையில்லை. நீளப் பச்சைக்கோடுகள் குதிரைப் பாதை. அதில் 1968 முதல் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்தால் குதிரைப் பாதை சேற்றுவயலாகிவிடும். தேசிய வழித்தடங்களில் நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் எண் இருப்பதால் கார் வராது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வழித்தடங்களில் பெரும்பகுதி சாலையிலேயே போகிறது.

ரயிலில் ஏற்றலாம். மடக்கு சைக்கிள் என்றால் தொல்லையே இல்லை. மற்றவற்றுக்கு நெடுந்தூர ரயிலில் முன்பதிவு தேவைப்படும்.

வெளிநாட்டுக் கதை போதும். நம் மாவட்டத்தில் அப்படிக் கைவிட்ட ரயில் தடம் ஏதும் உண்டா?
— வாசகர், பாலக்கோடு

உங்கள் கோபம் நியாயம். இருந்தது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கி, பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். என் பாட்டனார் அதில் போய் மொரப்பூரில் பெரிய ரயில் பிடித்தவர். மேட்டில் ரயில் திணறும்போது இறங்கிக் கூடவே நடந்து, உச்சியில் ஏறிக்கொள்வார்களாம். எல்லா ஊர்ச் சிறு ரயிலுக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள் என்பதால் எனக்குச் சந்தேகம் உண்டு.

தபால் பையோடு ஒருநாள் ஒரு தோட்டத்தின் வழியே போனபோது, ஒரு வரப்பு மட்டும் கயிறு பிடித்தாற்போல் நேராக, மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. தோட்டக்காரரைக் கேட்டேன். "அது ரயில் கரை, எங்கள் அப்பா காலத்திலிருந்து துவரை போடுகிறோம்" என்றார். அவர் அனுமதியோடு அதன்மேல் சைக்கிளை ஏற்றி இருநூறு அடி ஓட்டிப் பார்த்தேன். பாட்டனார் சொன்ன மேடு அங்கே இல்லை.