கொரிய நாட்டுப்புற இசையோடு ஜாஸ்: கேள்வி பதில்

கே: ஆரிராங் என்ற கொரிய நாட்டுப்புறப் பாட்டுக்கு ஜாஸ் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட்டு வாசித்தால் போதாதா அண்ணா?

ப: போதாது. சியோல் பக்கம் பாடும் ஆரிராங் செமாச்சி தாளத்தில், மூன்று மூன்றாக ஒன்பது எண்ணிக்கையில் நடக்கும். அதை நாலில் மடக்கி ஸ்விங் என்கிற ஜாஸ் துள்ளல் நடை ஆக்கினால் மெட்டு மிஞ்சும், நடை போய்விடும். இன்னொன்று, அது ஐந்து சுரப் பாட்டு. சுரத்துக்கு ஒரு கார்டு என்று அடுக்கினால் பாடகர் சுரத்தை அசைக்கவும் இழைக்கவும் இடமே இருக்காது, சிகிம்செ என்கிற அந்த அசைவுதான் பாட்டுக்கு உயிர், நமக்குக் கமகம் மாதிரி. பேஸில் ஒரே சுரத்தைப் பிடித்துத் தொடங்குங்கள், கார்டு அப்புறம் வரட்டும்.

கே: கொரிய இசையில் மனோதர்மம் உண்டா?

ப: சினாவியைக் கேளுங்கள்! தென்மேற்கே ஜொல்லா பகுதியில் முதாங் என்னும் சாமியாடிகளின் சடங்குகளில் வளர்ந்த இசை. தேகும் குழல், வில்லால் வாசிக்கும் ஹேகும், நாணல் வைத்து ஊதும் பிரி, வில்லால் வாசிக்கும் இன்னொரு தந்தி வாத்தியமான ஆஜெங் எல்லாம் ஒரே தாளத்துக்குள், ஒரே சுர அமைப்புக்குள், ஆளுக்கொரு வழியில் ஒரே நேரத்தில் போகும். ஜாஸில் பெரும்பாலும் ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் எடுப்பார், இங்கே அப்படி முறை வைப்பதில்லை. புதிதாக எழுதும்போது நான் முதலில் எடுப்பது இதைத்தான்: சாக்ஸபோனுக்கு இத்தனை பார் (தாளச் சுற்று), கயாகும் என்னும் தந்தி வாத்தியத்துக்கு இத்தனை பார் என்று பங்கு பிரிக்காமல், தாளத்தையும் சுரங்களையும் மட்டும் எழுதிக் கொடுத்து இருவரையும் சேர்த்தே வாசிக்க விடுங்கள். முதல் ஒத்திகை இரைச்சலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஆனால் சாஞ்சோ என்னும் தனி வாத்திய இசை படித்த கலைஞர் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதுவும் மனோதர்மமாக வளர்ந்ததுதான், இன்று பெரும்பாலும் ஒவ்வொரு குரு பரம்பரையின் பாடத்தையும் அப்படியே மனப்பாடம் செய்து வாசிக்கிறார்கள்.

கே: நான் ட்ரம்ஸ். ஜாங்கு என்னும் கொரிய இருமுக மத்தளம் வாசிப்பவரோடு மோதாமல் இருப்பது எப்படி?

ப: அவர் அடிப்பதையே நீங்களும் அடிக்காதீர்கள். ஒன்மோரி தாளத்தில் பத்து எண்ணிக்கை 3+2+3+2 ஆகப் பிரியும். கையால் தட்டி, வாயால் சொல்லி அதை உடம்பில் ஏற்றிக்கொண்டால் பல இடங்களில் சிம்பல் மட்டுமே போதும்.

கே: நடுவில் சுருதி மாற்றலாமா?

ப: 12 தந்தி கயாகும் என்றால் வேண்டாம். தந்திக்கு ஒரு குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை), அதை நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள். 25 தந்தி கயாகுமில் ஏழு சுரம் உண்டு, கொஞ்சம் தாராளம்.

கே: யாரைக் கேட்பது?

ப: பிளாக் ஸ்ட்ரிங் குழுவின் 2016 இசைத்தட்டு, நியர் ஈஸ்ட் குவார்டெட்டின் 2018 இசைத்தட்டு. இரண்டாவதில் பான்சோரி என்னும் கதைப்பாட்டுக் குரலும் சாக்ஸபோனும் சேரும். முதலாவதில் கொமுன்கோ என்னும் தந்தி வாத்தியத்தின் தந்தியைக் குச்சியால் அடிக்கும் இடங்களில் மின் கிதார் எவ்வளவு அடங்கி நிற்கிறது என்று கவனியுங்கள்.