புதுச் சிப்பில் கெட்ட பிளாக்

கேள்வி: முத்தையன்கட்டு வாய்க்காலில் நீர்மட்டம் பதிய ஒரு லினக்ஸ் போர்ட் தயார்படுத்துகிறேன். நாண்ட் சிப் (தரவு சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம்) புதிது. ஆனால் 'நாண்ட் பேட்' கட்டளை இரண்டு கெட்ட பிளாக்குகளை (ஒரேயடியாக அழிக்கப்படும் நினைவகப் பகுதிகள்) காட்டுகிறது. திருப்பிக் கொடுக்கவா? எக்ஸ்ட்4 கோப்பு முறைமை போடலாமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: திருப்பிக் கொடுக்காதேங்கோ தம்பி. நாண்ட் சிப்பில் சில பிளாக்குகள் தொழிற்சாலையிலேயே கெட்டிருப்பது வழமை. அவற்றின் உதிரி பைட்டுகளில் (தரவுக்கு அப்பால் உள்ள கூடுதல் இடம்) தயாரிப்பாளர் குறி வைத்துத்தான் அனுப்புவார். அந்தக் குறிதான் உங்களுக்குச் சொத்து. யூபூட்டில் (போர்டைத் தொடக்கும் மென்பொருள்) 'நாண்ட் இரேஸ்' என்ற அழிக்கும் கட்டளை கெட்டதைத் தாண்டிப் போகும். 'நாண்ட் ஸ்க்ரப்' குறியையும் சேர்த்து அழித்துவிடும். பிறகு எது கெட்டது என்று நம்பிச் சொல்ல வழியில்லை. அந்தக் கட்டளைப் பக்கமே போகாதேங்கோ.

எக்ஸ்ட்4 வேண்டவே வேண்டாம். எம்டிடிபிளாக் (நாண்டைச் சாதாரண வட்டு போலக் காட்டும் லினக்ஸ் டிரைவர்) வழியாக அதைப் போட்டால் கெட்ட பிளாக்கைக் கவனிக்க ஆளில்லை. சின்ன மாற்றத்துக்கும் முழு பிளாக்கை அழித்துத் திரும்ப எழுதும். இடையில் கரண்ட் போனால் அந்த பிளாக்கில் இருந்த எல்லாம் போச்சு. மாரியில் எங்கட பக்கம் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

நாண்டின் பிளாக்குகளை நிர்வகிக்கும் யூபிஐ அடுக்கைப் போட்டு, அதன்மேல் யூபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமையை வையுங்கோ. 2008இல் வந்த 2.6.27 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. வழமையான அமைப்பில் யூபிஐ ஒவ்வொரு 1024 பிளாக்குக்கும் 20 பிளாக்கை ஒதுக்கி வைக்கும். ஒன்று கெட்டால் தரவை மாற்றிவிட்டு அதைக் குறித்துக்கொள்ளும். தேய்மானத்தையும் பரவலாக்கும். திரும்ப ஃபார்மட் பண்ணும்போது 'யூபிஐஃபார்மட்' பாவியுங்கோ, ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை தரம் அழிக்கப்பட்டது என்ற கணக்கு அழியாது.

எஸ்டி கார்ட் என்றால் கதை வேறு. உள்ளேயுள்ள கன்ட்ரோலரே கெட்டதைப் பார்த்துக்கொள்ளும். அதில் எக்ஸ்ட்4 தாராளமாகப் போடலாம்.