செபமாலையைப் பிரித்துப் பிரித்துச் சொல்லலாமா?

கேள்வி: பெங்களூரில் வேலை முடிந்து வீடு சேர இரவு ஒன்பதாகிறது. செபமாலையைப் பிரித்துச் சொன்னால் செல்லுமா?

தாராளமாகச் சொல்லலாம். பத்துப் பத்து மணிகளாக வரும் ஐந்து பகுதிகளையும் ஒரே மூச்சில் முடிக்கக் கட்டாயம் இல்லை. சில்க் போர்டு நெரிசலில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கையில் மாலை இல்லையா? பத்து விரல் இருக்கிறது. அன்றைய மறைபொருளை, அதாவது அன்று தியானிக்க வேண்டிய இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்வுகளை, மனதில் நிறுத்துங்கள், அதுதான் முக்கியம்: திங்கள், சனி மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயரம்; புதன், ஞாயிறு மகிமை; வியாழன், 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளி.

சின்ன வயதில் சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அம்மா முந்தானைக்குள் மணி உருட்டிக்கொண்டே வருவார். கண்டக்டர் வந்தால் ஒரு விரலை அந்த மணியிலேயே வைத்தபடி சில்லறை எடுப்பார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து, "அருள் நிறைந்த மரியே..."