பொடக்காலிக் கோழிக்கு வருசம் பூராவும் பச்சைத்தழை: கேள்வி பதில்

பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், ஐந்து பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கும் கொங்குப் பக்கத்தவர்கள் கேட்டவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு. கூடவே தீவனப் பயிரில் பழகிய ஒருவரின் பதில்கள்.

அவிநாசி: அண்ணா, பத்துக் கோழி இருக்குதுங்க. பொடக்காலியில ஒரு சென்ட் எடம் சும்மா கெடக்குது. எதைப் போட்டா வருசம் பூரா தழை வருமுங்க?

ஒரே பயிரை நம்ப வேண்டாங்க. சித்திரை வெயிலில் ஒன்று சுணங்கும், ஐப்பசி மழையில் இன்னொன்று அழுகும். ஆனால் அடிப்படையாகக் குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) இருக்கட்டும். ஒரு தடவை வேர் பிடித்தால் மூன்று நான்கு வருசம் அறுக்கலாம்.

கணக்கு இப்படி. வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளைக்கு 40 கிராம் தழை போதும். பத்துக்கு 400 கிராம். ஒரு சென்டை நாலு பாத்தியாகப் பிரிங்க. விதை மொத்தமே 80 கிராம்தான். கடுகை விடப் பொடியானது என்பதால் மணலோடு கலந்து, ஒரு சாண் இடைவெளி வரிசையில் தூவி, லேசாக மண் மூடினால் போதும். ஆழமாகப் போனால் மேலே வராது. ஆடியிலிருந்து மார்கழிக்குள் விதைச்சிடுங்க. பங்குனி, சித்திரை விதைப்பு முளைத்ததும் கருகும்.

முதல் அறுப்பு 75 நாளுக்கு மேல், பூ எடுக்கும் நேரத்தில். அவசரப்பட்டு முன்னாடியே அறுத்தால் வேர் பலம் பிடிக்காது. அப்புறம் வாரம் ஒரு பாத்தி, தினம் கொஞ்சமாக அறுத்து வாங்க. நாலாவது பாத்தி முடியும்போது முதல் பாத்தி தயாராக நிற்கும், ஏனென்றால் இது 25, 30 நாளில் திரும்ப வளரும். தரையிலிருந்து நாலு விரல் விட்டே அறுக்கணும். புதுத் துளிர் அடிக்கட்டையிலிருந்துதான் வரும்.

பாத்தியில் மஞ்சள் நூல் மாதிரி கொடி சுற்றினால் அது அம்மையார் கூந்தல். பயிரிலிருந்தே சாறு உறிஞ்சும். அந்த இடத்துச் செடிகளை வேரோடு எடுத்து எரிச்சுடுங்க. பிய்த்துப் போட்ட துண்டும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

காங்கயம்: நல்லா மொளைச்சுது. கோழி ரெண்டே நாள்ல பாத்தியையே செதுக்கிப் போட்டுருச்சுங்க. வேலி போட வசதியில்லை.

இதுதான் பெரும்பாலான வீட்டில் நடப்பது. தழைப் பஞ்சம் தண்ணீர் இல்லாமல் வருவதை விடக் கோழியின் காலால் வருவதுதான் அதிகம். கோழி இலையைத் தின்றால் செடி பிழைக்கும். குருத்தைக் கொத்தி, வேரைக் கிளறினால் பிழைக்காது. இலை எட்டணும், அடி எட்டக் கூடாது.

நாலு அங்குல உயரப் பலகையில் 6 அடிக்கு 3 அடி சட்டம் அடிங்க. மேலே அரை அங்குலக் கண்ணி உள்ள கம்பி வலையை இழுத்து ஆணி அடிக்கணும். கோழி அதன் மேல் ஏறி நிற்கும், வலை தொய்ந்தால் அலகு அடி வரை போய்விடும். அதனால் இரண்டடிக்கு ஒரு குறுக்குக் கட்டை அவசியம். உள்ளே கம்பு அல்லது அரைக்கீரை விதைத்து, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடிச்சு நிறுத்துங்க. வலைக்கு மேலே எட்டிப் பார்க்கும் நுனியை மட்டும் கோழி கிள்ளும். கீழே இருப்பது மறுபடி தழையும்.

சோளம் மட்டும் விதைக்காதீங்க. இளஞ்சோள நாற்றில் சயனைடு நச்சு உண்டு, மாட்டையே சாய்ப்பது. கம்பில் அந்தத் தொல்லை இல்லை.

தாராபுரம்: எங்க போர்த்தண்ணி உப்புங்க. குதிரைமசால் மொளைக்கவே மாட்டேங்குது.

முளைப் பருவத்தில் அது உப்பைத் தாங்காது. மழை பெய்யும் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் உங்க ஊருக்கு வேலிமசால் என்ற தீவனச் செடியும் முருங்கையும்தான் சரி.

வேலிமசால் விதைக்குத் தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நாலு நிமிசம் ஆறவிட்டு, விதையை அதில் 5 நிமிசம் போட்டு எடுங்க. பிறகு பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறணும். கொதிக்கும் தண்ணீரிலேயே கொட்டினால் விதை வெந்துவிடும். வரிசை இடைவெளி இரண்டு சாண், முதல் வெட்டு 90 நாளில், பிறகு 40 நாளுக்கு ஒரு தடவை.

முருங்கையை மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டு, மேலே போக விடாமல் தொடர்ந்து கிள்ளுங்க. கைக்கெட்டும் உயரத்திலேயே தழை கிடைக்கும். கோடைக்கு இதை விட்டால் ஆளில்லை. உடுமலை, கோபிப் பக்கம் இருப்பவர்கள் பட்டுப்பூச்சித் தோட்டத்தில் மல்பெரிக் குச்சி கேட்டு வாங்கி, வேலியோரம் ஊன்றலாம். கோழி விரும்பித் தின்னும்.

பொள்ளாச்சி: தொட்டியில விட்ட அசோலா (தண்ணியில மெதக்கற பாசி மாதிரி செடி) பச்சையாத்தான் இருந்துச்சு. இப்ப செவந்து, நாத்தமும் அடிக்குதுங்க.

இரண்டும் வேறு வேறு காரணங்க. சிவப்பு என்றால் வெயில் அதிகம், அல்லது மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, அல்லது நெருக்கம். நாற்றம் என்றால் சாணம் கூடிப்போய் அடியில் அழுகுது.

இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். சில்பாலின் என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பின் மேல் சலித்த செம்மண் 10 முதல் 15 கிலோ, 10 லிட்டர் தண்ணீரில் கரைத்த சாணம் 2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், தண்ணீர் 10 சென்டிமீட்டர் உயரம். அறுவடை தொடங்கியதும் 5 நாளைக்கு ஒரு தடவை சாணம் 1 கிலோ, பாஸ்பேட் 20 கிராம். 10 நாளைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுசு விடணும். இதைத்தான் பலரும் மறப்பது. தினம் அரைக் கிலோ எடுக்காமல் விட்டாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழுகிவிடும்.

தென்னை நிழல் உங்களுக்கு நல்ல வசதி. ஆனால் மட்டை விழுந்தால் விரிப்பு கிழியும், மேலே நிழல்வலை கட்டுங்க. அள்ளியதைக் கண் உள்ள கூடையில் வைத்து, சாண வாடை போக இரண்டு தண்ணீரில் அலசிப் போடணும்.

புரதம் இருபது சதவீதத்துக்கு மேல் என்று கேட்டு மயங்க வேண்டாம். அது காய்ந்த சரக்கின் கணக்கு. அரைக் கிலோ ஈர அசோலாவில் சரக்கு முப்பது கிராம் தேறினால் பெரிது.

பெருந்துறை: ஆட்டுக்குன்னு அகத்தியும் சவுண்டல் (சூபாபுல்) மரமும் நிக்குது. கோழிக்குப் போடலாமுங்களா அண்ணா?

அகத்தி வேண்டாம் தம்பி. ஆட்டின் வயிறு வேறு, கோழியின் வயிறு வேறு. அகத்தியில் இருக்கும் சப்போனின் என்ற நச்சுப்பொருள் குஞ்சைக் கொல்லும் அளவுக்குப் போகும். சவுண்டலில் மிமோசின் என்ற நச்சு இருக்குது. கூடினால் வளர்ச்சி நிற்கும், முட்டை குறையும். இரண்டையும் ஆட்டுக்கே விடுங்க. அரளி, ஆமணக்கு இரண்டும் கோழி போகும் வழியிலேயே இருக்கக் கூடாது.

ஈரோடு: புல்லை அறுத்துப் போட்டோம் அண்ணா. ஒரு வெடைக்கோழிக்கு (இளம் பெட்டைக்கு) கழுத்தடியில இருக்கற தீனிப்பை பந்து மாதிரி வீங்கிப் போச்சு.

நீளமான நார் சுருண்டு அடைத்திருக்கும் அக்கா. காலையில் இரை வைப்பதற்கு முன்னால் தொட்டுப் பாருங்க. ராத்திரி தின்றது கரைந்து பை காலியாக இருக்கணும். அப்போதும் கெட்டியாக இருந்தால் இரையை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து, மெதுவாகப் பிசைந்துவிடுங்க. மறுநாளும் கரையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க.

இனிமேல் எந்தத் தழையையும் இரண்டு சென்டிமீட்டருக்குள் நறுக்கியே போடணும். நீளமாகப் போடுவதென்றால் கட்டாகக் கட்டி, கோழியின் தலை உயரத்தில் இறுகத் தொங்கவிடுங்க. இழுத்துப் பிய்க்கும்போது துண்டாகத்தான் வரும், எச்சத்திலும் மிதிபடாது. கோழிக்குப் பல்லில்லை, அரைப்பது கல்தான். அடைத்தே வளர்ப்பவர்கள் மிளகு அளவுக் கல்மணலை ஒரு சட்டியில் எப்போதும் வைக்கணும். குஞ்சுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து, பொடிப்பொடியாக, ஒரு சிட்டிகை.

கரூர்: தழை நிறையக் குடுத்தா தீவனச் செலவைப் பாதியாக் குறைக்கலாமுங்களா?

முடியாதுங்க. 40 கிராம் தழையில் 32 கிராம் தண்ணீர். மிச்சம் எட்டு கிராமை வைத்து முட்டை வராது. தழை தருவது மஞ்சள் கருவின் நிறமும் உயிர்ச்சத்தும். தவிரவும், ஒன்றையொன்று கொத்தும் பழக்கம் குறையும். பசியோடு இருக்கும் கோழிக்குத் தழையை முதலில் கொட்டினால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், முட்டையும் குறையும். காலையில் தீவனம், நடுப்பகலுக்கு மேல் தழை.

தண்டுக்கீரை, அரைக்கீரையில் ஆக்சலேட் இருப்பதால் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். முட்டை ஓடு மெலிந்தால் கீரையைக் குறைத்து, கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைங்க.

கோபி: ஐப்பசி மழையில தழை எல்லாம் சேறு. அப்படியே போடலாமுங்களா?

கூடாதுங்க. சேற்றோடு ரத்தக்கழிச்சல் கிருமியும் வரும். அலசி, திண்ணையில் ஒரு மணி நேரம் வாடவிட்டு நறுக்குங்க. குதிரைமசால் பாத்தியில் தண்ணீர் ஒரு நாள் நின்றாலே வேர் அழுக ஆரம்பிக்கும். மழைக்கு முன்னாலேயே ஓரத்தில் வாய்க்கால் எடுங்க. அசோலாத் தொட்டியில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே ஒரு துளை போட்டு, வலைத்துணி கட்டிவிட்டால் மழைத்தண்ணி வெளியே போகும், அசோலா உள்ளேயே நிற்கும்.